நீலக்கல்லு ராசியில்லைன்னு திருப்பிக் கொண்டாந்துட்டார், என்ன பண்றதுங்க?

காங்கேயத்துப்பொண்ணு:

வணக்கமுங்க, கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க. காங்கேயத்துல பத்துக்குப் பன்னெண்டுல ஒரு சின்ன நகைக்கடை எங்களுது, தாத்தா காலத்துக் கடை. அப்பாவுக்கு பைபாஸ் ஆனதுல இருந்து ஆறேழு மாசமா நாந்தான் கல்லாவுல உக்காந்திருக்கேன். காது குத்துக்குத் தோடு, மூக்குத்தி, கொலுசு, திருகாணி தொலைஞ்சு போச்சுன்னு வர்றவங்க, அறுந்த செயினைப் பத்த வெக்க வர்றவங்க, இப்படியே நாள் ஓடிரும். ராசிக்கல்லு மட்டும் அப்பாதான் பாத்துக்குவார், எனக்கு அதுல பழக்கம் பத்தாது.

போன மாசம் ஒரு எண்ணெய் மில்லுக்காரர் வந்தாருங்க, அப்பாவோட இருபது வருஷ வாடிக்கை. ஏழரைச் சனி ஓடுது, ஜோசியர் நீலம் போடச் சொல்லிட்டார்னார். அப்பாகிட்ட போன்ல கேட்டுட்டு, பெட்டியில இருந்த பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு சிலோன் நீலம் காட்டினேன், 3.82 கேரட். வெள்ளியில கட்டி, கல்லோட அடி விரல்ல படற மாதிரி தொறந்து விட்டுக் குடுத்தோம். எல்லாம் சேத்து முப்பத்தோராயிரம். சனிக்கிழமை காலையில பால்ல போட்டு எடுத்து நடுவிரல்ல மாட்டிக்கிட்டுப் போனார்.

பத்தொன்பதாம் நாள் வண்டி வழுக்கி அதே கை பிசகிருச்சு. அந்த வாரமே களத்துல காயப்போட்டிருந்த கொப்பரை மேல நடு ராத்திரியில மழை. அடுத்த நாள் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறார். மோதிரத்தைக் கையால தொடலைங்க, மஞ்சத்துணியில முடிஞ்சு விபூதி டப்பாவுக்குள்ள போட்டு எடுத்துட்டு வந்திருந்தார். "இது எனக்கு ஆகலை பாப்பா, நீயே வெச்சுக்க, பணத்தைக் குடுத்துரு"ன்னு ஷோகேஸ் மேல டப்பாவை வெச்சுட்டுப் போயிட்டார். பேச்சுல கோவம் இல்ல, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமா இருக்குது.

பில்லுல ரிட்டன் பத்தி ஒண்ணும் எழுதலை, எங்க கடையில எழுதற வழக்கமே இல்ல. இவருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வருவாங்களோ? முழுப்பணமா கூலியைக் கழிச்சா? திரும்ப இன்னொருத்தருக்கு வித்தா, இது ஒருத்தர் போட்டுத் திருப்பின கல்லுன்னு சொல்லணுமா? அப்பாகிட்ட இன்னும் சொல்லலை, டாக்டர் டென்ஷன் வேண்டாம்னிருக்கார். அம்மா அந்த டப்பாவைக் கல்லாவுலயும் வெக்க விடலை வீட்டுக்குள்ளயும் விடலை, இப்ப அது திண்ணையில ஒரு காபித்தூள் டின்னுக்குள்ள செருப்பு ஸ்டாண்டு மேல உக்காந்திருக்குது. முப்பத்தோராயிரம் ரூபாய்ங்க. ராத்திரி மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கறேன்.

கல்லாப்பெட்டி:

பாப்பா, நான் கும்பகோணத்துல நாப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், பதறாதே. முதல் காரியம், மோதிரத்தைத் தராசுல வை. கட்டிக் குடுத்தப்ப மொத்த எடை எழுதி வச்சிருப்பே இல்லையா, அதோட ஒத்துப் போகுதா பாரு. வாடிக்கைக்காரர் மேல சந்தேகப்படச் சொல்லலை. எனக்கு ஒரு தடவை திரும்பி வந்த புஷ்பராகம் கண்ணாடியா இருந்துது, கொண்டு வந்த மனுஷர் அப்பாவி, நடுவுல பாலிஷ் போட எங்கேயோ குடுத்திருக்கார், அங்க மாறிப் போச்சு. அவரும் அழுதார் நானும் நஷ்டப்பட்டேன். அதுலேர்ந்து எடை பாக்காம எதையும் கையில வாங்கறதில்லை.

ராசிக்கல் ரிட்டன்னு வந்தா அது நீலம்தான். என் அனுபவத்துல பவளத்தை யாரும் திருப்பினதில்லை, முத்தைத் திருப்பினதில்லை, கோமேதகம் எப்பவோ ஒண்ணு ரெண்டு. நீலம் ஒண்ணு தூக்கி விடும் இல்லேன்னா கவுத்து விடும்னு ஜோசியர் சொல்லியே அனுப்பறார், அதனால போட்ட நாளிலேர்ந்து மனுஷன் என்ன கவுருதுன்னு பாத்துக்கிட்டே இருப்பான். அதுக்குத்தான் எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க நீலத்தை உடனே கட்டித் தர்றதில்லை. முழுத் தொகையையும் டெபாசிட்டா வாங்கிக்கிட்டு, கல்லை மட்டும் நீலத்துணியில முடிஞ்சு குடுப்போம், மூணு ராத்திரி தலகாணிக்குக் கீழ வச்சுக்கோங்க, கனவு கினவு பாத்துட்டு வாங்கன்னு. ஒத்துக்கலைன்னா முழுப்பணம். ஒத்துக்கிட்டு மோதிரம் கட்டிட்டா அப்புறம் கூலி திரும்பாது, கல்லுக்கு மட்டும் வேற நகையா எடுத்துக்கலாம். இதை பில்லு பின்னாடி ரப்பர் ஸ்டாம்பாவே போட்டு வச்சிருக்கேன். அந்த மூணு ராத்திரி எதுக்குன்னு கேட்டா, கல்லுக்காக இல்லம்மா, வாங்கறவர் மனசு மாறுதான்னு தெரிஞ்சுக்க.

இன்னொண்ணு. எங்க அப்பா கையில ஒரு நீலம் இருந்துது, நாலு பேர் வாங்கி நாலு பேரும் திருப்பினது. அஞ்சாவதா ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கினார். ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, இருபத்திரெண்டு வருஷம் அந்த மோதிரம் அவர் விரல்லதான் இருந்துது. அந்த நாலு பேரை நல்லா ஆராய்ஞ்சா, ரெண்டு பேருக்கு வீட்டம்மா சத்தம் போட்டிருக்காங்க, விலை ஜாஸ்தின்னு!

பத்துமடங்குலென்ஸ்:

நான் ரத்தினப் பரிசோதனை படிச்சவன், கல் டெஸ்ட் பண்ற வேலையில இருக்கேன். பெரியவர் சொன்ன எடை விஷயம் ரொம்பச் சரி, ஆனா எடையோட விடாதீங்க, கல்லையும் பாருங்க. பெரிய மெஷின் வேண்டாம். ஒரு வெள்ளைச் சாஸர்ல தண்ணி ஊத்தி, மோதிரத்தைக் கவுத்துப் போட்டு, பக்கத்துல இருந்து மொபைல் டார்ச் அடிச்சு லென்ஸ்ல பாருங்க. இயற்கை நீலத்துல நிறம் பெரும்பாலும் ஒரே சீராப் பரவி இருக்காது, பட்டை பட்டையா நிக்கும், அந்தக் கோடுங்க நேரா ஓடி ஒரு மூலையில மடங்கும், தேன்கூட்டு அறை மூலை மாதிரி. அதே கோடு கிராமபோன் தட்டுல இருக்கற மாதிரி வளைஞ்சு போச்சுன்னா அது தீச்சுவாலையில உருக்கி வளத்த கல். இந்த முறையை வெர்னாய்ங்கற பிரெஞ்சுக்காரர் 1902ல வெளியிட்டார், செயற்கைக் கல்லுங்கறது நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. நம்ம திருச்சிப் பக்கம் ஊர் ஊரா பட்டை தீட்டினாங்களே, அதுல பெரும்பாலும் இந்த மாதிரி வளத்த கல்லுங்கதான். உள்ள உருண்டையா காத்துக்குமிழி தெரிஞ்சா கண்ணாடியாவும் இருக்கலாம்.

சூடு பண்ண கல்லான்னும் உங்க அப்பாகிட்ட கேட்டு வெச்சுக்கங்க. இன்னைக்கு மார்க்கெட்ல வர்ற நீலத்துல பெரும்பாலும் சூடு பண்ணதுதான், அது ஏமாத்து இல்ல, சொல்லாம விக்கறதுதான் ஏமாத்து. இலங்கையில பால் கலந்த மாதிரி மங்கலா கெவுடான்னு ஒரு கல் கிடைக்கும், ஒரு காலத்துல மதிப்பே இல்லாம கெடந்தது. எழுபதுகள்ல தாய்லாந்து வியாபாரிங்க அதை வாங்கி உலையில 1,500 டிகிரிக்கு மேல சுட்டதும் பளிச்சுனு நீலமாயிடுச்சு. நீலமும் மாணிக்கமும் ஒரே தாது, குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. துளி இரும்பும் டைட்டானியமும் சேந்தா நீலம், குரோமியம் சேந்தா சிவப்பு. சனியையும் சூரியனையும் பிரிக்கிறது அவ்வளவு துளிதான்.

எனக்கு ராசியில நம்பிக்கை கிடையாது, நம்பறவங்களோட சண்டையும் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும். கல்லுக்கு தோஷம்னு இப்ப சொல்றோமே, பழைய ரத்தின சாஸ்திரத்துல அந்த வார்த்தைக்கு குறைன்னுதான் அர்த்தம், கீறல், புள்ளி, விரிசல். சிலப்பதிகாரத்துல மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்ற இடத்துல வைரத்துக்கு காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு நாலு குறை வரும். காக்கா கால் மாதிரி வெடிப்பு, கறை, புள்ளி, கோடு. இன்னைக்கு நாங்க லென்ஸ் வெச்சு ரிப்போர்ட்ல எழுதறதும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கண்ணால உங்க கல்லைப் பாருங்க, அதுல தோஷம் இருந்தா லென்ஸ்ல தெரியும். கொப்பரை நனைஞ்சது லென்ஸ்ல தெரியாது.

அப்புறம், காங்கேயத்துல உக்காந்துக்கிட்டு எனக்குக் கல்லுப் பழக்கம் இல்லைன்னு சொல்லாதீங்க தங்கச்சி! உங்களுக்குப் பக்கத்துல இருக்கற படியூர் பச்சைநீலக் கல்லு, பெரில் வகை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரோம் வரைக்கும் போயிருக்கு. அந்தக் காலத்து ஊரான கொடுமணல்ல அகழாய்வுக்குத் தோண்டினப்ப பட்டறையில பாதி வேலை ஆன மணிங்களே கிடைச்சுது.

சும்மாவந்தவன்:

சிவன்மலை பக்கத்துலதான இருக்கீங்க, அங்க முருகன் கோயில்ல பக்தர் கனவுல வந்த பொருளை வெக்கற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில நீலக்கல் வெக்கச் சொல்லி யாருக்காவது கனவு வந்தா அன்னைக்கு ரேட் டபுள் ஆயிரும், அதுவரைக்கும் காபி டின்னை மூடி வைங்க 😄

பட்டறைக்காரன்:

மதுரைல நகை வேலை பாக்குறேன் தங்கச்சி, ஆசாரி. லென்ஸ் அண்ணே சிலப்பதிகாரம்னு ஆரம்பிச்சதுமே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, அந்தக் கதைல எங்க ஆளு பண்ணுன வேலைக்கு இன்னைக்கு வரைக்கும் நாங்க பேச்சு வாங்குறோம்.

விஷயத்துக்கு வர்றேன். கல்லைக் கழட்டி வேற எதுலயாச்சும் கட்டணும்னு நெனச்சா யாருகிட்ட குடுக்குறீங்கன்னு பாத்துக் குடுங்க. கல்லைப் பிடிச்சிருக்க மோதிரத்தோட நகத்தை நிமித்திக் கல்லை வெளிய எடுத்துட்டுத்தான் மோதிரத்துல நெருப்பு வைக்கணும். நீலம் சூடு தாங்கும்னு சொல்லிக் கல்லோடயே ஊதுறவங்க இருக்காங்க, சூடு தாங்கும்யா, ஆனா பத்த வைக்கத் தடவுற வெங்காரம் பட்ட இடத்துல கல்லோட மேல்தோலை அரிச்சு விட்டுரும், அப்புறம் மறுபடி பட்டை தீட்டணும், எடை போயிரும். மரகதத்தை நெருப்புப் பக்கமே கொண்டு போகக்கூடாது, அதுல இருக்க வெடிப்பை மறைக்க எண்ணெய் ஊட்டித்தான் விக்குறாங்க, சூடு பட்டா எண்ணெய் கக்கிட்டு உள்ள பூராம் கோடு கோடாத் தெரியும். நகை கழுவுற அல்ட்ராசோனிக் மெஷின்லயும் அதைப் போடாதீங்க. முத்து, பவளம் ரெண்டும் சுண்ணாம்பு ஜாதி, ஆசிட்ல போட்டா அம்புட்டுத்தான், பொங்கிரும்.

நான் பட்ட அடியையும் சொல்லிருறேன். பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கடைலருந்து மாணிக்க மோதிரம் வந்துச்சு, ரெண்டு சைஸ் பெருசாக்கணும்னு. நல்ல ரத்தச் சிவப்பு. மாணிக்கம்தான, தாங்கும்னு நெனச்சுக் கல்லைக் கழட்டாம லேசா ஊதுனேன். கண்ணு முன்னாலயே ஒரு ஓரத்துல பனி படிஞ்ச மாதிரி வெளுத்துச்சு, ஆற வச்சுப் பாத்தா உள்ள பூராம் சிலந்தி வலை. அது வெடிப்புல எல்லாம் ஈயக் கண்ணாடி ஊத்தி ரொப்புன கல்லாம். கடைக்காரரு எனக்கே தெரியாதுன்னாரு, வாங்குனவங்க எங்க பாட்டி சொத்துன்னாங்க, கடைசில என் கூலில மூணு மாசம் பிடிச்சாங்க. இந்த மாதிரி கல்லு சந்தைக்கு வந்ததே 2000க்குப் பொறகுதான், பாட்டி எங்கிட்டு வாங்கிருப்பாங்க? அன்னைலருந்து எந்தச் சிவப்புக் கல்லு வந்தாலும் லென்ஸ்ல திருப்பித் திருப்பிப் பாப்பேன், சாய்க்கும்போது உள்ள நீலமா மினுக்குனு வெட்டுனா நான் தொடமாட்டேன்.

அப்பார்ட்மெண்ட்அம்மா:

நான் கடைக்காரி இல்ல, வாங்கற சைடு. நீங்க எல்லாம் கல்லு பத்திப் பேசறீங்க, எங்க கஷ்டத்தைச் சொல்றேன். கல்யாணத்துக்கு எடுத்த கெம்புக்கல் நெக்லஸை பதினேழு வருஷம் கழிச்சு மாத்தப் போனா, கல்லும் அரக்கும் கழிச்சு அஞ்சே முக்கால் சவரன்தான் தங்கம்னாங்க, வாங்கும்போது ஏழரை சவரன்னு மொத்தமா எடை போட்டுத் தங்க ரேட்ல பணம் கட்டினோம், அதுக்கு மேல சேதாரம் வேற! கல்லுக்கு சேதாரம் வாங்கின கடையைப் பாத்திருக்கீங்களா? அது எந்த ஊர் எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், எங்க மாமியார் சொந்தக்காரங்க. இப்பல்லாம் ஹால்மார்க்ல ஆறு எழுத்து நம்பர் இருக்கு, பில்லுல தங்கத்தோட நிகர எடை தனி, கல்லோட எடை தனி, அதோட விலையும் தனின்னு எழுதி வாங்காம நான் வெளிய வர்றதில்ல. தங்கச்சி, நீங்களும் அப்படிப் பிரிச்சு எழுதியிருந்தா இப்ப எவ்வளவு கழிக்கணும்னு குழப்பமே வந்திருக்காது.

கல்லாப்பெட்டி:

அம்மா சொல்றது நியாயம், எங்க ஆளுங்க பண்ணினதுதான். கல் எடையில இன்னொரு கூத்தும் உண்டு. வடக்கேர்ந்து வர்ற ஜோசியர் புஸ்தகத்தைப் பாத்துட்டு அஞ்சேகால் ரத்தி போடுன்னு எழுதிக் குடுப்பாங்க. ரத்தின்னா நம்ம குன்றிமணி, தட்டார் கணக்குல அது சுமார் 121 மில்லிகிராம். கல் வியாபாரத்துல ஓடற ரத்தி வேற, அது 180 சொச்சம். கேரட்டுன்னா 200, அதுல சண்டை இல்லை. அஞ்சேகால்ங்கறது ஒரு கணக்குல மூணு கேரட்டைத் தாண்டும், இன்னொரு கணக்குல அஞ்சு கேரட்டை நெருங்கிடும். எது பெரிசோ அதைத்தான் கடைக்காரன் எடுத்துப்பான், வேற என்ன!

பாப்பா, எடை போட்டியா இல்லையா?

காங்கேயத்துப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நாலு நாளா எழுத முடியல.

எடை சரியா இருந்துச்சு, ஒரு மில்லி கூடக் குறையல. அப்புறம் லென்ஸ் அண்ணா சொன்ன மாதிரி கடையை அரைக்கதவு சாத்திட்டு, டீ சாஸர்ல தண்ணி ஊத்தி மோதிரத்தைக் கவுத்து டார்ச் அடிச்சேன். மேல இருந்து பாத்தா கருநீலமா ஒண்ணாத் தெரியற கல்லு, தண்ணிக்குள்ள பாத்தா பாதி வெள்ளையா இருக்குதுங்க! ஒரு ஓரத்துல மட்டும் நீலம் தட்டி, அதுதான் கல்லு முழுக்கப் பரவித் தெரியுது. அந்த நீலத்துக்குள்ள மெல்லிசா கோடு, நேரா வந்து மூலையில மடங்குது. அரை மணி நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், வெளிய ஒருத்தர் வந்து கொலுசுக்கு முத்து போடணும்னு நின்னதே தெரியல.

மில்லுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். கல்லுக்கு இருபத்தி ஏழு, வெள்ளியும் கூலியும் நாலு, அந்த நாலு மட்டும் திரும்பாதுங்கன்னு சொன்னேன். சொல்லும்போது கை நடுங்குச்சு. அவர் ஒண்ணுமே சொல்லலை, சரி பாப்பான்னுட்டார். பணமா எட்டாயிரம் வாங்கிட்டு மிச்சத்துக்குப் பேத்திக்கு ஒரு ஜோடி குட்டித் தோடு எடுத்துக்கிட்டார், ஆடி மாசத்துல தங்கம் வித்த முதல் பில்லு அதுதானுங்க. போகும்போது கையைக் காட்டி, நீர் வத்திருச்சு, இப்ப வண்டி ஓட்டறேன்னார். கல்லு போனதாலயா, பதினஞ்சு நாள் ஆனதாலயான்னு நான் கேக்கலை.

ரப்பர் ஸ்டாம்பு செய்யக் குடுத்துட்டேன். கல்லு எடை தனி, தங்கம் தனி, சூடு பண்ண கல்லா இல்லையா, எல்லாம் இனி பில்லுல வரும். மூணு ராத்திரி விஷயமும்.

அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சு. திண்ணையில வெயில் காய உக்காந்தவர் காபி டின்னை ஆட்டிப் பாத்திருக்கார், தூள் இல்லாம என்னமோ உருளுதேன்னு. நான் பயந்துட்டே முழுக்கதையும் சொன்னேன். டென்ஷனே ஆகலைங்க. கல்லைக் கழட்டச் சொல்லி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, புதுப் பொட்டலம் மடிச்சு, 3.82 சிலோன் சூடுன்னு பென்சில்ல எழுதிக் குடுத்தார். இதை உங்க தாத்தா காலத்துல நாங்க நீலம்னு விக்கவே மாட்டோம், பாதி வெள்ளைன்னு தள்ளி வெச்சிருப்பாங்கன்னு மட்டும் சொன்னார். அம்மா மட்டும் டின்னை இன்னும் அடுப்படிக்குள்ள விடலை.

நேத்து ஒரு டீச்சர் வந்தாங்க, ராசி எல்லாம் இல்ல, பொண்ணுக்கு நீலம்னா பிடிக்கும், டாலர் பண்ணணும்னாங்க. பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டினேன், சாஸர்ல தண்ணி ஊத்தி அந்தக் கோட்டையும் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்தாங்க. இது ஒருத்தர் மோதிரமாப் போட்டுத் திருப்பிக் குடுத்ததுங்கன்னும் சொல்லிட்டேன். அவங்க லென்ஸைக் கீழ வெச்சுட்டு, "அப்படியா, அப்ப எவ்வளவு குறைப்பீங்க?"ன்னாங்க.

ரெண்டாயிரம் குறைக்கறேன்னேன். ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு வர்றாங்களாம்.